விழுந்ததை மறைக்காதீர்கள்

2021 நவம்பர் 4, தீபாவளி. கர்ப்பத்தில் எனக்கு 30 வாரம் முடிந்திருந்தது. உறையூரில் அப்போது நாங்கள் குடியிருந்த வீட்டில் குளியலறை பின்கட்டில் இருந்தது, இரண்டு படி இறங்கிப் போக வேண்டும். விடியற்காலை நாலு மணிக்கே மாமனார் தொடங்கி ஒவ்வொருவராக எண்ணெய் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைத்தாச்சி இன்னும் கொஞ்சம் தூங்கட்டும் என்று என்னைக் கடைசியாக விட்டார்கள். அன்பாகச் செய்ததுதான். ஐந்து பேர் தேய்த்துக் குளித்த நல்லெண்ணெயும் சீயக்காயும் தரையில் படிந்த பிறகு, ஆறு மணிவாக்கில் நான் உள்ளே போனேன்.

இடது கால் வழுக்கியது. துண்டு போடும் கம்பியைப் பிடித்தேன். அது ஆணியோடு பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. இடது இடுப்பு தரையில் மோதியது. வலது கையை ஊன்றியதில் மணிக்கட்டு மடங்கியது. வாளியின் விளிம்பு வயிற்றின் பக்கவாட்டில் உரசியது. சத்தம் கேட்டு அத்தை ஓடி வந்தார். நான் சொன்ன முதல் வார்த்தை: "ஒண்ணுமில்ல அத்தை, விழல. சும்மா உட்கார்ந்துட்டேன்."

அந்தப் பொய்க்கு ஒரு முன்கதை இருக்கிறது. ஐந்தாம் மாதம், சத்திரம் பேருந்து நிலையம் போகும் டவுன் பஸ்ஸில் திடீரென்று பிரேக் போட்டபோது முன்சீட்டுக் கம்பியில் வயிறு இடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து சொன்னேன். டாக்டரிடம் காட்டினோம், பயப்பட ஒன்றுமில்லை என்றார். ஆனால் வீட்டில் மூன்று நாள் பேச்சு ஓயவில்லை. "இந்த நேரத்துல வேலைக்குப் போய்த்தான் ஆகணுமா?", "வாயும் வயிறுமா இருக்கிறவ பார்த்துப் போக வேண்டாமா?" என் அம்மாவுக்குப் போன், அங்கிருந்து எனக்குப் போன். எல்லாமே அக்கறையில் வந்த பேச்சு. ஆனால் இனி சொல்லக் கூடாது என்பதுதான் என் மனதில் பதிந்தது. ஆறாம் மாதம் மொட்டைமாடிப் படியில் துணிக்கூடையோடு இறங்கும்போது இரண்டு படி சறுக்கி உட்கார்ந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. உள்ளாடையில் இரத்தம் படுகிறதா என்று இரண்டு நாள் ஒவ்வொரு முறையும் பயந்து பயந்து பார்த்தேன். இராத்திரி கணவர் தூங்கிய பிறகு வயிற்றில் கையை வைத்துக்கொண்டு விழித்திருந்தேன். அந்த இரண்டு நாளை வேறு எந்தப் பெண்ணும் தனியாகக் கழிக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

சரி, முதலில் எதற்குப் பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். கர்ப்ப காலத்தில் பாதி பயம் தேவையில்லாத பயம். எனக்கு மூன்று வயதில் மூத்த பையன் இருந்தான். தூக்கத்தில் உதைப்பான், ஓடி வந்து வயிற்றில் முட்டுவான். ஒவ்வொரு முறையும் எனக்கு உயிர் போய்த் திரும்பும். ஏறத்தாழ 12 வாரம் வரை கர்ப்பப்பை இடுப்பெலும்புக்கு உள்ளேயே இருக்கிறது. வெளியே படும் இடி அதை அவ்வளவு எளிதில் எட்டாது. அதற்குப் பிறகு அது மேலே எழும்பி, 20 வாரத்தில் தொப்புள் அளவுக்கு வந்துவிடுகிறது. அப்போதும் குழந்தை தண்ணீருக்குள் மிதந்துகொண்டுதான் இருக்கிறது. 34 வாரத்தையொட்டி அந்தப் பனிக்குட நீர் 800 மில்லி அளவுக்குக்கூட இருக்கும். சமையல் மேடையின் ஓரம் இடிப்பது, பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரின் முழங்கை படுவது, பிள்ளை ஏறி விளையாடுவது, இவற்றையெல்லாம் கர்ப்பப்பையின் சுவரும் அந்த நீரும் வாங்கிக்கொள்ளும். இதற்காகப் பெற்ற பிள்ளையைத் தள்ளிப் படுக்க வைக்காதீர்கள். நான் ஒரு வாரம் அப்படிச் செய்தேன், அவன் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு தலையணையை நடுவில் வைத்தால் போதும்.

விழுவது வேறு கணக்கு. வேகமாக விழுவது, வண்டியில் மோதுவது, வயிற்றில் பலமாக அடி வாங்குவது, இந்த மூன்றையும் வேறு வரிசையில் வைக்க வேண்டும். வயிறு தரையில் படாவிட்டாலும் அப்படித்தான். அதை எனக்குப் புரிய வைத்தவர் எதிர்வீட்டு சிஸ்டரம்மா.

அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எங்கள் தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். பலகாரத் தட்டோடு போன என் பையன், "அம்மா பாத்ரூம்ல டமால்னு விழுந்துட்டாங்க" என்று அவரிடம் சொல்லியிருக்கிறான். எட்டரை மணிக்கு வந்தார். அதுவரை நான் காபி குடித்துவிட்டுப் படுத்திருந்தேன். அவ்வப்போது வயிறு இறுகி விட்டுக்கொண்டிருந்தது. பொய்வலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் ஒன்றும் பேசாமல் வயிற்றின் மேல் கையை வைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். அதற்குள் இரண்டு முறை இறுகியது. "எத்தனை வாரம்? ரத்தம் என்ன குரூப்?" என்று கேட்டார். 30 வாரம், பி நெகட்டிவ் என்றேன். "கிளம்பு, துணி எடுத்துக்கோ" என்றார்.

தீபாவளி நாள், பல இடம் பூட்டியிருந்தது. அருகில் திறந்திருந்த ஒரு கிளினிக்கில் ஸ்கேன் பார்த்தார்கள். இதயத் துடிப்பு இருக்கிறது, நஞ்சுக்கொடி சரியாக இருக்கிறது, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் உயிர் வந்தது. சிஸ்டரம்மா மட்டும் அசையவில்லை. "ஸ்கேன்ல தெரியலேன்னா இல்லேன்னு அர்த்தமில்ல. பிரசவ வார்டு இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றார். என் கணவர் தயங்கினார். நல்ல நாள், நல்ல செய்தி கிடைத்துவிட்டது, இன்னும் எதற்கு என்று எனக்கே தோன்றியது. அன்று சிஸ்டரம்மா சொன்னதைக் கேட்டது எங்கள் நல்ல காலம்.

பெரிய மருத்துவமனையில் டாக்டர் விளக்கியது இது. கர்ப்பப்பை தசையால் ஆனது, இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். அதன் உள்சுவரில் ஒட்டியிருக்கும் நஞ்சுக்கொடிக்கு அந்த நெகிழ்வு கிடையாது. ஊதின பலூன் மேல் காகிதத்தை ஒட்டிவிட்டு பலூனை ஓங்கித் தரையில் அடித்தால், பலூன் அமுங்கி எழும்பிவிடும், காகிதம் ஓரத்தில் பிய்ந்துகொள்ளும். விழும்போது உடம்பு குலுங்குவதில் நஞ்சும் அப்படிப் பிரியலாம். குழந்தைக்கு ஆக்சிஜனும் உணவும் அந்த வழியாகத்தான் போகின்றன. பிரிந்த இடத்தில் கசியும் இரத்தம் வெளியே வராமல் உள்ளேயே தேங்குவதும் உண்டு. அதனால் "இரத்தம் படவில்லை, அப்படியென்றால் ஒன்றுமில்லை" என்று நான் படியில் சறுக்கிய பிறகு போட்ட கணக்கு தப்பு. சின்னப் பிரிவு ஸ்கேனில் தெரியாமலும் போகலாம். கர்ப்பப்பை அடிக்கடி இறுகுவதும் குழந்தையின் துடிப்பு மாறுவதும்தான் பல நேரம் முதலில் காட்டிக் கொடுக்கும். அதைப் பிடிக்கத்தான், இந்த இரண்டையும் தொடர்ந்து தாளில் பதியும் சி.டி.ஜி. கருவி.

வயிற்றில் இரண்டு பெல்ட் கட்டினார்கள். ஒன்று குழந்தையின் துடிப்புக்கு, இன்னொன்று வயிறு இறுகுவதற்கு. குறைந்தது நாலு மணி நேரம் தொடர்ந்து பார்ப்போம் என்றார்கள். குதிரை ஓடுவது போன்ற அந்தச் சத்தம், வெளியே சரவெடி, தாளில் ஓடும் கோடு. துடிப்பு 110-க்கும் 160-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று ஒரு சிஸ்டர் சொன்னார். அதிலிருந்து அந்த எண்ணைவிட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. 140-ஐ ஒட்டியே இருந்தது. ஆனால் முதல் ஒரு மணி நேரத்தில் வயிறு ஆறேழு முறை இறுகியது. அதனால் நாலு மணி நேரம் போதாது, 24 மணி நேரம் இங்கேயே இருங்கள் என்றார்கள். சாயங்காலத்துக்குள் இறுக்கம் தானாகக் குறைந்தது. மறுநாள் மதியம் அனுப்பினார்கள்.

அந்த 24 மணி நேரத்தில் இன்னும் மூன்று விஷயம் நடந்தது. ஒன்று, ஆன்டி-டி ஊசி. தாய் நெகட்டிவ், குழந்தை பாசிட்டிவ் என்றால், விழுந்த அதிர்ச்சியில் குழந்தையின் இரத்தம் சிறிது தாயின் இரத்தத்தில் கலக்கலாம். தாயின் உடம்பு அதை எதிரியாக எடுத்துக்கொண்டு எதிர்ப்புப் பொருள் உண்டாக்கிவிட்டால், அது பின்னால் குழந்தையின் சிவப்பணுக்களைத் தாக்கும். பெரும்பாலும் அடுத்த பிள்ளைக்குத்தான் அந்த ஆபத்து. இந்த ஊசி அதைத் தடுக்கிறது, விழுந்த 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். 28 வாரத்தில் போட வேண்டியதைத் தீபாவளி முடியட்டும் என்று நான்தான் தள்ளிப் போட்டிருந்தேன். உங்களுக்கு நெகட்டிவ் குரூப் என்றால், விழுந்தபின் யாரும் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்று, மணிக்கட்டு எக்ஸ்ரே. கர்ப்பத்தில் எக்ஸ்ரே கூடவே கூடாது என்று அத்தை அழுதுவிட்டார். கைக்கு எடுக்கும் படத்தில் குழந்தைக்குப் போய்ச் சேரும் கதிர்வீச்சு மிக மிகக் குறைவு, உடைந்த எலும்பைக் கவனிக்காமல் விடுவதுதான் கெடுதல் என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். எலும்பு உடையவில்லை, சுளுக்குதான். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும் கொடுத்தார்கள். வீட்டில் இருக்கும் வேறு வலி மாத்திரைகளைத் தொட வேண்டாம் என்றும் சொன்னார்கள். இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவை 20 வாரத்துக்குப் பிறகு குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.

மூன்றாவதை எழுதலாமா என்று யோசித்தேன், எழுதத்தான் வேண்டும். இராத்திரி என் கணவரை டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிட்டு, ட்யூட்டி சிஸ்டர் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார்: "நிஜமாவே வழுக்கித்தான் விழுந்தியாம்மா? யாரும் தள்ளலையே, அடிக்கலையே?" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியெல்லாம் இல்லை சிஸ்டர் என்றேன். "நான் எல்லாரையும் கேட்பேன்மா, தப்பா எடுத்துக்காதே" என்றார். விழுந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் வேறு விதமாக அடிபட்டவர்களும் உண்டு என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. படிக்கிறவர்களில் யாருக்காவது அந்த நிலை என்றால், மருத்துவமனையில் தனியாக இருக்கும் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுங்கள். 181 பெண்களுக்கான உதவி எண், எந்த நேரமும் எடுப்பார்கள்.

வீட்டுக்கு வந்த அன்றே என் கணவர் குளியலறையைத் தேய்த்துக் கழுவினார். அவரிடம் நான் சொன்னது ஒன்றுதான். எல்லோரும் என்னிடம் "பார்த்து நட, பார்த்து நட" என்கிறீர்கள். குனிந்து பார்த்தால் எனக்கு என் வயிறுதான் தெரிகிறது, பாதம் தெரியவில்லை. நான் எதைப் பார்த்து நடப்பது? ஏழாம் மாதத்துக்குப் பிறகு உடம்பின் எடை முன்னால் போய்விடுகிறது, அதைச் சமாளிக்க முதுகு பின்னால் வளைகிறது. பிரசவத்துக்காக இடுப்பு மூட்டுகளின் இணைப்புகள் தளர்கின்றன. பாதம் வீங்கி, பழைய செருப்பு சரியாகப் பொருந்தாமல் போகிறது. இத்தனையும் நடக்கும்போது கவனமாக இரு என்று சொல்வது போதாது. தரையைக் காய வைப்பது வீட்டில் உள்ளவர்களின் வேலை.

செய்தது பெரிய செலவில்லை. பின்கட்டுப் படியில் படிந்த பாசிக்கு வாரம் ஒரு முறை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தார். குளியலறைக்குள் அடியில் உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் விரிப்பு போட்டார். சாக்கு, பழைய புடவை, வழுவழு மிதியடி எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். ஈரத்தில் அவையே நகர்ந்து காலை வாரிவிடும். கொத்தனாரைக் கூப்பிட்டு, சுவரைத் துளைத்து ஒரு நல்ல இரும்புப் பிடியைப் பதித்தார். துண்டுக் கம்பியும் குழாயும் பிடிமானம் இல்லை, உடம்பின் எடை விழுந்தால் அவை வந்துவிடும். குளிக்க உட்காருவதற்கு, நகரும் பிளாஸ்டிக் முக்காலிக்குப் பதிலாக அகலமான காலுள்ள மர ஸ்டூல். இராத்திரி மூன்று நான்கு முறை சிறுநீருக்கு எழ வேண்டியிருப்பதால் வழியில் ஒரு சின்ன விளக்கு. எண்ணெய்க் குளியல் நாளில் கர்ப்பிணிதான் முதலில் குளிக்க வேண்டும், கூடவே ஒருவர் கதவருகில் இருக்க வேண்டும், கதவில் தாழ் போடக் கூடாது. இந்த ஒன்றை மட்டும் எங்கள் அத்தை இப்போது சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நான் மாற்றிக்கொண்டவையும் உண்டு. நைட்டியை கணுக்காலுக்கு மேல் ஏற்றித் தைத்துக்கொண்டேன். படியில் இறங்கும்போது ஒரு கை கைப்பிடியில் இருக்கும், கூடையை வேறு யாராவது தூக்குவார்கள். பரணில் இருப்பதை ஸ்டூல் போட்டு எடுப்பதை நிறுத்தினேன். வாசல் தெளித்து ஈரத்தில் குத்துக்காலிட்டுக் கோலம் போடுவது எனக்கு மிகவும் பிடித்த வேலை, அதை இரண்டு மாதம் நாத்தனாரிடம் கொடுத்தேன். படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் எனக்குக் கண் இருட்டும். ஹீமோகுளோபின் 9.8 தான் இருந்தது, கர்ப்பத்தில் 11-க்குக் கீழே போனாலே இரத்தசோகை. மலச்சிக்கல் என்று சொல்லி நான் பாதி நாள் இரும்புச்சத்து மாத்திரையை விட்டிருந்தேன். மயக்கத்தில் விழுவதும் விழுவதுதானே. அதன்பிறகு மாத்திரையை ஒரு நாளும் விடவில்லை. ஒருக்களித்துத் திரும்பி, உட்கார்ந்து, ஒரு நிமிடம் கழித்து எழப் பழகினேன். ஆனால் நடப்பதை நிறுத்தவில்லை. பயந்து படுத்தே இருந்தால் கால் தசை இன்னும் தளரும், விழும் வாய்ப்பு கூடத்தான் செய்யும்.

பயணத்தைப் பற்றிக் கொஞ்சம். கடைசி மூன்று மாதம் இருசக்கர வண்டியின் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து போவதை விட்டுவிட்டேன். ஒரு வேகத்தடை போதும் தூக்கிப்போட. பஸ்ஸில் பின்சீட்டு அதிகம் குலுங்கும், முன்பகுதியில் இடம் கேளுங்கள், வண்டி முழுதாக நின்ற பிறகு எழுந்திருங்கள். காரில் வயிறு அழுந்துமென்று சீட் பெல்ட்டைத் தவிர்ப்பவர்கள் நிறைய. அதைவிட ஆபத்து வேறில்லை. கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில், தொடையோடு ஒட்டி இடுப்பெலும்பின் மேல் வர வேண்டும். மேல்பட்டை இரண்டு மார்புக்கும் நடுவில் வந்து வயிற்றின் பக்கவாட்டில் இறங்க வேண்டும். வயிற்றின் மேல் குறுக்கே மட்டும் போடக் கூடாது.

இவ்வளவு செய்தும் விழுந்துவிட்டால்? உடனே கையைப் பிடித்து இழுத்துத் தூக்க விடாதீர்கள். அங்கேயே மூச்சு வாங்குங்கள். இடது பக்கம் ஒருக்களித்து, முட்டி போட்டு, அசையாத எதையாவது பிடித்து எழுங்கள். மல்லாக்கப் படுத்தால் கனத்த கர்ப்பப்பை முதுகெலும்பை ஒட்டிய பெரிய இரத்தக் குழாயை அழுத்தும், அதனால் மருத்துவமனை போகும் வழியிலும் இடது பக்கமே சாய்ந்திருங்கள். 20 வாரத்துக்கு மேல் என்றால், வலி இல்லாவிட்டாலும் அன்றைக்கே போய்க் காட்டுங்கள். இரத்தம், நீர் கசிவு, விட்டு விட்டோ விடாமலோ வரும் வயிற்று வலி, முதுகு வலி, பலகை போல இறுகிய வயிறு, அசைவு குறைவது, தலைசுற்றல், இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். அசைவை எண்ணிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வீட்டில் உட்காராதீர்கள். எந்த நேரத்தில், எப்படி, எந்தப் பக்கம் விழுந்தீர்கள் என்பதையும் உங்கள் இரத்த வகையையும் சொல்லுங்கள். திரும்பி வந்த பிறகும் சில நாள் இதே அறிகுறிகளைக் கவனித்துக்கொண்டே இருங்கள்.

மார்கழியில், 39 வாரத்தில், பெண் பிறந்தாள். அவளுக்கு பி பாசிட்டிவ். பிரசவத்துக்குப் பிறகும் எனக்கு ஆன்டி-டி போட்டார்கள்.

போன வருடம் நாத்தனார் உண்டாகியிருந்தாள். 26 வாரத்தில் ஒரு நாள் இராத்திரி ஒன்பதரை மணிக்குப் போன். "அண்ணி, மாடிப்படியில உட்கார்ந்த மாதிரி விழுந்துட்டேன். வலியெல்லாம் இல்ல. அம்மாகிட்ட சொல்லாதீங்க, திட்டுவாங்க." பக்கத்தில் அத்தை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் ஸ்பீக்கரில் போட்டேன். அத்தை திட்டவில்லை. கையைக்கூடக் கழுவாமல் போனை வாங்கி, "எப்ப விழுந்த? எந்தப் பக்கம்? மாப்பிள்ளையை வண்டி எடுக்கச் சொல்லு, பெல்ட்டை வயித்துக்குக் கீழ போட்டுக்கோ" என்றார்.